சிறிய வண்டியும் நெடிய வழியும்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் நம்மை அழைத்து, "மாணவர் அரங்கில் பயணத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தனர். எந்தப் பயணம் என்று அவர்கள் வரையறுக்கவில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள், சிறிய மோட்டார் சைக்கிளில் நாடு விட்டு நாடும், கண்டம் விட்டுக் கண்டமும் செல்லும் நெடும்பயணம். இதைக் கேள்வியுற்ற குழு உறுப்பினராகிய பெரியவர் ஒருவர், "சார், ஊர் சுற்றுகிறவர்கள் கதை நம் பிள்ளைகளுக்கு எதற்கு? தேர்வாணையத் தேர்வைப் பற்றிச் சொன்னால் நாலு பேர் பிழைப்பார்களே" என்று உரிமையோடு கேட்டார். கேள்வி நியாயமானதே. உரையின் முடிவில் விடை சொல்வதாக அவருக்கு வாக்களித்திருக்கின்றோம்.

சிறிய வண்டி பிறந்த வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உலகெங்கும் மக்கள் கையில் பணம் இல்லை. ஆயினும் வேலைக்குச் செல்ல வண்டி வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1948இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் 'பேண்டம்' என்னும் 125 சி.சி. வண்டியை வெளியிட்டது. அதன் மூல அமைப்பு டி.கே.டபிள்யூ. என்னும் ஜெர்மானிய வண்டியினுடையது. போரில் தோற்ற நாட்டிடமிருந்து ஈடாகப் பெறப்பட்டது. தொழிலாளியும் தந்திப் பையனும் ஏறிச் சென்ற வண்டி அது.

பத்தாண்டுகள் கழித்து, 1958இல், ஜப்பானில் ஹோண்டா 'சூப்பர் கப்' பிறந்தது. சோய்ச்சிரோ ஹோண்டா கொல்லன் மகன். உயர்கல்வி பெற்றவர் அல்லர். அவருடைய தொழிலின் வணிகப் பொறுப்பை ஏற்றிருந்தவர் தாக்கெயோ ஃபூஜிசாவா. உணவுக்கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். ஆதலால் இடக்கையால் பிடிக்கும் கிளச்சு நீக்கப்பட்டது. எஞ்சின் சுழலும் விசையினாலேயே கிளச்சு தானாகப் பற்றும். கியரைக் காலால் மாற்றினால் போதும். எஞ்சினின் கொள்ளளவு 49 சி.சி.; ஆற்றல் 4.5 குதிரைத்திறன். சேறு தெறிக்காமல் காலை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பும், பள்ளம் மேட்டைத் தாங்கும் 17 அங்குலச் சக்கரமும் அதற்கு உண்டு. இவ்வகை வண்டிகளின் உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது. பால்காரரும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஏறிய வண்டி, உலகிலேயே மிகுதியாகச் செய்யப்பட்ட மோட்டார் வண்டியாயிற்று.

நம் நாட்டிலும் 1980இல் ஒசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்ததை மூத்தோர் அறிவீர்கள். மூட்டையும் குடமும் பிள்ளைகளும் அதன்மேல் ஏறாத ஊர் தமிழகத்தில் இல்லை.

நெடுவழி சென்றோர்

இத்தகைய வண்டிகள் கடைத்தெருவுக்குச் சென்று வருவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைக் கொண்டு கண்டங்களைக் கடக்கலாம் என்று செய்தவர்களும் எண்ணவில்லை; விற்றவர்களும் எண்ணவில்லை. எண்ணியவர்கள் சிலர் இருந்தனர். அவர்களுள் நால்வரைப் பற்றி மட்டும் கூறுவோம்.

முதலாமவர் பெக்கி ஐரிஸ் தாமஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1950களின் தொடக்கத்தில் மேற்சொன்ன பேண்டம் வண்டியில், பின்னால் ஒரு பெரிய ஏர்டேல் நாயையும் ஏற்றிக்கொண்டு, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் 14,000 மைல் பயணம் செய்தார். மைலைக் கிலோமீட்டராக மாற்றிப் பாருங்கள்; 22,000க்கு மேல் வரும். வண்டியோ 125 சி.சி. அந்த வண்டியும் அந்தச் சுமையும் அவ்வளவு தொலைவு சென்றதென்றால், ஓட்டியவர் எஞ்சினை எவ்வளவு பொறுமையோடு நடத்தியிருப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாமவர் ஆன்-ஃபிரான்ஸ் தொத்வீல் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. பாரிசில் விளம்பர வாசகங்கள் எழுதும் பணியில் இருந்தவர். 1972இல் பாரிசிலிருந்து ஈரான் நோக்கி மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகச் சென்ற பயணம் ஒன்றில், 750 சி.சி. கொண்ட பெரிய வண்டியில் அவரும் சென்றார். திரும்பி வந்தபின் என்ன நடந்தது? "இவள் எங்கே ஓட்டினாள்? லாரியில் ஏறிப் போயிருப்பாள்" என்று புறம் பேசினார்கள். பெண்ணுக்கு இவ்வளவு திறமை இருக்க முடியாது என்பது அவர்களுடைய முடிவு. அதற்குச் சான்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மறு ஆண்டே, 1973இல், கவாசாகி 125 என்னும் சிறு வண்டியில் தனியாகப் புறப்பட்டார். கனடா, அலாஸ்கா, ஜப்பான், இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், துருக்கி எனச் சென்று, மூன்று கண்டங்களில் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் ஓட்டி வீடு திரும்பினார். மோட்டார் சைக்கிளில் தனியாக உலகைச் சுற்றிய முதற்பெண் என்று இன்று அவர் பெயர் சொல்லப்படுகிறது. லாரி என்று சொன்னவர்களின் பெயர் எவர்க்கும் தெரியாது.

மூன்றாமவர் சைமன் காந்தோல்ஃபி என்னும் ஆங்கில எழுத்தாளர். தம் 73ஆம் வயதில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுக நகரில், ரொட்டியும் உணவும் கொண்டு கொடுக்கப் பயன்படும் 125 சி.சி. ஹோண்டா ஒன்றை வாங்கி, தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியெரா தெல் ஃபுவேகோ வரை சென்றார். ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நம் போன்ற ஆசிரியர்கள் அவரை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

நான்காமவர் நேத்தன் மில்வர்ட் என்னும் இளைஞர். ஆஸ்திரேலியாவில் அக்காலத்தில் தபால்காரர்கள் ஓட்டியது 105 சி.சி. கொண்ட ஹோண்டா சி.டி. 110. மேற்சொன்ன சூப்பர் கப்பின் வழிவந்த வண்டி அது. தபால் சுமந்து ஓய்ந்த அத்தகைய பழைய வண்டி ஒன்றில் 2009இல் சிட்னியிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் இலண்டன் சேர்ந்தார். ஆஸ்திரேலியப் பாலைநிலமும், இந்தோனேசியத் தீவுகளும், நம் இந்திய நாடும் அவர் வழியில் இருந்தன.

சிறுமையின் நன்மைகள்

ஏன் சிறிய வண்டி? பெரிய வண்டி வாங்க வசதியில்லாமையால் மட்டுமா? அன்று, காரணங்கள் உள. பாடம் நடத்துவது போல் அவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகின்றோம்.

முதலாவது, எடை. நெடும்பயணத்திற்கென்றே செய்யப்படும் பெரிய வண்டிகள் 250 கிலோவுக்கும் மேல் இருக்கும். சி.டி. 110 போன்றது ஏறத்தாழ 90 கிலோ. மணலில் வண்டி சாய்வது உறுதி. சாய்ந்தபின் ஆளில்லாத காட்டில் தன்னந்தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதே கேள்வி. ஆற்றைக் கடக்க வேண்டுமானால் சிறு வண்டியை இருவர் பிடித்துத் தோணியில் ஏற்றிவிடலாம்.

இரண்டாவது, எரிபொருள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு, பெட்ரோல் நிலையம் இல்லாத ஊரில் பெட்டிக்கடையில் புட்டியில் விற்கும் பெட்ரோலே போதும்.

மூன்றாவது, பழுது. சிறிய எஞ்சினில் மறைபொருள் ஏதுமில்லை. பிளக்கு, சங்கிலி, பிரேக் கட்டை, கேபிள், டியூப் இவற்றைக் கையாளத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். மீதிப் பாதிக்கு வழியோரத்து மெக்கானிக் இருக்கிறார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஊருக்கு ஒருவராவது 100 சி.சி. வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். பெரிய வண்டியின் கணினிப் பெட்டி கெட்டால் தலைநகருக்கு லாரி பிடிக்க வேண்டும்.

நான்காவது, தாள்கள். தனக்குரிய வண்டியோடு அயல்நாடு புகுவோர், அதை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டு செல்வர் என்பதற்குச் சுங்க உறுதிச்சீட்டு ஒன்று பல நாடுகளில் வேண்டும். 'கார்னே' என்பது அதன் பெயர். மோட்டார் சங்கங்கள் ஈடு பெற்றுக்கொண்டு அதை வழங்கும். வண்டியின் மதிப்பு உயர உயர ஈட்டுத்தொகையும் உயரும். மலிவான வண்டிக்கு ஈடும் குறைவு.

ஐந்தாவதைத்தான் நாம் முதன்மையாகக் கருதுகின்றோம். பெரிய வண்டியில் வருபவரைச் சிற்றூர் மக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தாங்கள் ஓட்டும் வண்டியிலேயே வருபவரை, "எங்கிருந்து வருகிறீர்? சாப்பிட்டீரா?" என்று கேட்பார்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேகம் மணிக்கு 60 அல்லது 70 கிலோமீட்டர். பின்னால் வரும் லாரி பொறுமை இழக்கும். மலை ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். 4,000 மீட்டர் உயரத்தில், கடல்மட்டத்தில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எஞ்சின் இழந்துவிடும். ஏழு குதிரை இழுத்த வண்டியை நாலரைக் குதிரை இழுக்கும் நிலை. கார்புரேட்டரில் பெட்ரோல் மிகுந்து புகை கக்கும். சிறு துளையுள்ள ஜெட் மாற்ற வேண்டும். ஆண்டிஸ் மலைவழிகளிலும் நம் இமயத்திலும் இதுவே நிலை. மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல் உள்ளது. கோடையில் அவ்வழியே 100 சி.சி. வண்டிகளில் செல்லும் நம் நாட்டு இளைஞர் பலர்; முதற்கியரில் ஊர்ந்து, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளி ஏறுகின்றனர்.

வண்டியால் தீராத தடைகளும் உண்டு. அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்க முனை வரை ஒரே சாலை என்பர்; ஆனால் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே, டேரியன் என்னும் காட்டில், ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. அங்கே வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றியாக வேண்டும். லோயிஸ் பிரைஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, 2003இல் பி.பி.சி. வேலையை விட்டுவிட்டு, 225 சி.சி. யமஹாவில் அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் உஷுவாயா வரை ஏறத்தாழ 20,000 மைல் சென்றார். அவ்வழியின் தென்பகுதியாகிய பட்டகோனியாவில், பக்கவாட்டில் அடிக்கும் காற்று வண்டியைச் சாலையிலிருந்தே தள்ளிவிடப் பார்க்கும். வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நேராகச் செல்ல வேண்டும்.

சக்கரமும் நம் வரலாறும்

அன்பர்களே! இனிப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அண்ணல் அம்பேத்கர் 1930களில் எழுதி வைத்த தன்வரலாற்றுக் குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அதில் வரும் நிகழ்ச்சிகள் பல, பயணத்தின்போது நேர்ந்தவை. 1901இல், ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுவனாக, தமையனாருடனும் தமக்கையின் மைந்தர்களுடனும் சதாராவிலிருந்து தந்தையார் பணியாற்றிய ஊருக்குப் புறப்பட்டார். மசூர் நிலையத்தில் இறங்கியபின், இன்ன சாதி என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. இருமடங்கு கூலிக்கு ஒருவர் இசைந்தார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தாம் பக்கத்தில் நடந்து வருவதாக. இரவில் சுங்கச்சாவடியில் கையில் உணவு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

1929இல், அரசுக் குழுவின் உறுப்பினராக, உலகறிந்த பட்டங்கள் பெற்றவராகச் சாலிஸ்கானுக்குச் சென்றபோதும் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தனர். சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழகாத தம்மவர் ஒருவரையே ஓட்டச் செய்தனர். வழியில் பாலத்தருகே வண்டி நிலைகுலைந்தது. அண்ணல் தூக்கி வீசப்பட்டுக் காலில் எலும்பு முறிந்தது. வண்டி பிறருடையதாக இருக்கும்வரை பட்டமும் பதவியும் கூட ஒருவரை ஊர் கொண்டு சேர்ப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். 1982இல் நாம் ஏழாம் வகுப்பு மாணவன். தந்தையார் கூலி வேலையில் மிச்சம் பிடித்துப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். நம் குடியிருப்பிலிருந்து பள்ளிக்குச் செல்ல ஊர்த்தெரு ஒன்றைக் கடக்க வேண்டும். அத்தெருவின் தொடக்கத்தில் இறங்கி, மறுகோடிப் புளியமரம் வரை தள்ளிச் சென்று, பின்புதான் ஏற வேண்டும். எழுதப்பட்ட சட்டம் இல்லை; எல்லார்க்கும் தெரிந்த சட்டம். ஒரு நாள் தேர்வுக்கு நேரமாகிவிட்டதென்று நாம் இறங்காமல் ஓட்டிவிட்டோம். மாலையில் தந்தையாரை அழைத்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று மன்னிப்புக் கேட்டதை நாம் தூணோரம் நின்று பார்த்தோம். வீடு வந்தவர் நம்மை அடிக்கவில்லை. "இப்ப தள்ளிக்கிட்டே போப்பா. படிச்சு முடிச்சுட்டு ஏறிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் அந்தச் சைக்கிள் பூட்டிக் கிடந்தது. நாம் நடந்தே சென்றோம்.

1996இல், ஆசிரியப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பழைய 50 சி.சி. மொபெட் ஒன்று வாங்கித் தந்தையாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே தெருவில் சென்றோம். தெரு தொடங்கும் இடத்தில் அவர் கை நம் தோளைத் தட்டியது. இறங்கிக்கொள்கிறேன் என்று பொருள். நாம் நிறுத்தவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சிலர் திண்ணையிலிருந்து பார்த்தனர். நம் கைகள் நடுங்கியது உண்மை. அத்தெருவின் நீளம் 200 மீட்டர் இருக்கும். பிற்காலத்தில் நாம் அதே வண்டியில் மாவட்டம் விட்டு மாவட்டம் சென்றதுண்டு. அவற்றுள் எதுவும் அத்தனை நெடும்பயணமாகத் தோன்றியதில்லை.

ஆகவே பெரியவருக்கு நாம் கூறும் விடை இதுதான். தேர்வாணையத் தேர்வை நம் பிள்ளைகள் எழுதட்டும், வெல்லட்டும். ஆனால் உலகம் பெரிது என்பதும், அதில் தமக்கும் வழியுண்டு என்பதும் தெரிந்து எழுதட்டும். தம் பிள்ளை கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தால்தான் பத்திரம் என்று நம் பெற்றோர் எண்ணுவதில் தவறில்லை. அவர்கள் பட்டது அப்படி. வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தும், "அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று வீட்டார் தடுத்ததால் நின்றுபோன மாணவர்களை, சிறப்பாக மாணவிகளை, நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கின்றோம். 125 சி.சி. வண்டியில் மூன்று கண்டங்களில் ஓட்டிய பெண்ணுக்கு அங்கே யார் இருந்தார்கள்? போகப் போக ஆள் கிடைத்தது. இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மாணவர்க்குச் சில சொற்கள்

மாணவச் செல்வங்களே! இவ்வுரையைக் கேட்டு இன்று மாலையே அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடாதீர்கள். கியர் உள்ள வண்டிக்கு 18 வயது நிறைய வேண்டும், உரிமம் வேண்டும், காப்பீடு வேண்டும். தலைக்கவசமின்றி நூறு அடியும் செல்லலாகாது. ஆறு மாதத்திற்கு முன் படித்து முடித்த மாணவன் ஒருவனை விபத்தில் இழந்த வீட்டுக்குச் சென்று வந்த நெஞ்சத்தோடு இதைச் சொல்கின்றோம். மேற்சொன்ன பயணிகள் எவரும் வேகத்தால் பெயர் பெற்றவர் அல்லர். மெதுவாகச் சென்று, போய்ச் சேர்ந்ததால் பெயர் பெற்றவர்கள்.

வயது வரும்வரை செய்ய வேண்டியவை உள்ளன. நிலப்படம் பார்க்கப் பழகுங்கள். டியூப் ஒட்டவும் சங்கிலி இறுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கை கறுப்பதற்கு வெட்கப்பட வேண்டா. நம் மொழியோடு ஆங்கிலமும் இன்னொரு மொழியும் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். சென்ற இடத்தில் கண்டதை அன்றிரவே நாட்குறிப்பில் எழுதுங்கள். மேற்சொன்ன பயணிகளை நாம் அறிந்தது அவர்கள் எழுதியதால்தான். நம்மவர் பயணங்களும் எழுதப்பட வேண்டும்.

நம் பள்ளியில் அடுத்த கல்வியாண்டு முதல், விடுமுறை நாள்களில் வண்டிப் பழுது பார்க்கும் பயிற்சி ஒன்று தொடங்க எண்ணியுள்ளோம். பழைய மொபெட் ஒன்றை நாமே தருகின்றோம். அது தந்தையாரை ஏற்றிச் சென்ற அதே வண்டி. இப்போது ஓடாது, ஆனால் பிரித்துப் பூட்டிப் படிப்பதற்கு நன்றாக உதவும். மாணவியரும் இப்பயிற்சியில் சேர வேண்டும் என்பது நம் விருப்பம்.

இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவில் இச்சங்கம் மேன்மேலும் வளர்ந்து, நம் பிள்ளைகளை வெகுதொலைவு அனுப்பவும், சென்றவர்கள் திரும்பி வந்து இம்மேடையில் நின்று தாம் கண்டதைச் சொல்லவும் வழி செய்ய வேண்டும் என்று வாழ்த்துகின்றோம்.